பிஎஃப்சி இயக்கிய பின்னும் பாக்கெட் இழப்பு ஏன்? இழப்பற்ற வரிசையை அமைக்கும் முறை

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: ஒரே மாடலைச் சேர்ந்த இரண்டடுக்கு 100 கிகாபிட் ஈதர்நெட் சுவிட்சுகளில் ஆர்ஓசிஇ (ஒரு சர்வரின் நினைவகத்தை இன்னொன்று ஈதர்நெட் வழியாக நேரடியாக அணுகும் முறை) வழியாகச் சேமிப்பகப் போக்குவரத்து ஓடுகிறது, எல்லாப் போர்ட்டுகளிலும் முன்னுரிமை 3-க்கு பிஎஃப்சி (முன்னுரிமை வகுப்பு வாரியாக ஓட்டத்தை நிறுத்தும் முறை) இயக்கப்பட்டுள்ளது, ஆனாலும் சுமை ஏறும்போது பாக்கெட்டுகள் விழுகின்றன, அனுப்புவதை நிறுத்தச் சொல்லும் பாஸ் ஃபிரேம்களின் எண்ணிக்கை லட்சக்கணக்கில் கூடுகிறது, தொடர்பே இல்லாத சில சர்வர்களும் மந்தமாகின்றன. எந்த வரம்புக்கு எந்த எண்ணைப் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எண்களைக் கடைசியில்தான் தொட வேண்டும் என்பது என் கருத்து. நீங்கள் சொல்லும் மூன்று அறிகுறிகளும் ஒரே நோயின் விளைவுகள் அல்ல. பாக்கெட் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் பாக்கெட்டின் வகுப்பைச் சொல்லும் குறியீட்டில் பிழையோ, வெளியேறும் வரிசையின் வரம்போ, ஹெட்ரூம் (நிறுத்தச் சொன்ன பிறகும் வந்து சேரும் தரவுக்கான இடம்) பற்றாக்குறையோ ஆகும். பாஸ் ஃபிரேம்கள் பெருகுவதற்குக் காரணம், பாக்கெட்டில் குறியிட்டு நெரிசலை முன்கூட்டியே அறிவிக்கும் இசிஎன் உரிய நேரத்தில் வேலை செய்யாதது. மற்ற சர்வர்கள் பாதிக்கப்படுவது பிஎஃப்சியின் இயல்பிலேயே இருக்கும் குறை.

முதலில் பிஎஃப்சி என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். 1997-இல் வந்த 802.3எக்ஸ் பாஸ் முறை இணைப்பு முழுவதையும் நிறுத்திவிடும். 2011-இல் வந்த 802.1கியூபிபி, அதே யோசனையை எட்டு முன்னுரிமை வகுப்புகளுக்கும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தது. ஒரு பிஎஃப்சி ஃபிரேமில் எந்தெந்த வகுப்புகளை நிறுத்த வேண்டும் என்று காட்டும் பிட்டுகளும், ஒவ்வொரு வகுப்புக்கும் 16 பிட் அளவுள்ள ஒரு நேரக் கணக்கும் இருக்கும். அந்த நேரத்தின் அலகு, 512 பிட்டுகளை அனுப்ப ஆகும் காலம். 100 கிகாபிட்டில் ஓர் அலகு 5.12 நானோ செகண்ட். உச்சமான 65535-ஐப் போட்டால் ஏறத்தாழ 335 மைக்ரோ செகண்ட் நிறுத்தம் கிடைக்கும். அதற்குள் நெரிசல் தீர்ந்தால், நேரத்தைப் பூஜ்யமாக வைத்து இன்னொரு ஃபிரேம் அனுப்பி ஓட்டத்தைத் திறந்துவிடலாம். தீராவிட்டால், காலம் முடிவதற்குள் நிறுத்த ஃபிரேமைத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகையால் பாஸ் ஃபிரேம்களின் எண்ணிக்கை மட்டும் நெரிசலின் கடுமையைச் சொல்லிவிடாது. நெட்வொர்க் கார்டுகள் பலவற்றில், வகுப்பு எவ்வளவு நேரம் நின்றுகிடந்தது என்பதை மைக்ரோ செகண்டில் காட்டும் தனிக் கவுண்டர் இருக்கும், அதையே நம்புங்கள்.

இனி குறியீட்டுக்கு வருகிறேன். இழப்பற்ற வரிசை என்பது ஒரு சுவிட்சில் போடும் அமைப்பு அல்ல. அனுப்பும் கார்டு, வழியிலுள்ள ஒவ்வொரு சுவிட்ச், பெறும் கார்டு ஆகிய எல்லாம் ஒரே பாக்கெட்டை ஒரே வகுப்பாகப் பார்க்க வேண்டும் என்ற உடன்பாடு. அந்த உடன்பாட்டை விஎல்ஏஎன் டேகில் உள்ள பிசிபி என்ற முன்னுரிமை பிட்டுகளை வைத்தும் செய்யலாம், ஐபி தலைப்பில் உள்ள டிஎஸ்சிபி என்ற ஆறு பிட் வகுப்பு எண்ணை வைத்தும் செய்யலாம். உங்கள் பிணையத்தில் சுவிட்சுகளுக்கு இடையே மூன்றாம் அடுக்கு ரூட்டிங் இருப்பதால் டிஎஸ்சிபி ஒன்றே பொருந்தும். டேக் இல்லாத இணைப்பில் பிசிபி என்பதே கிடையாது. பிஎஃப்சி ஃபிரேமுக்கு எந்த டேகும் தேவையில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அது தேவை என்று நினைத்து எல்லாவற்றையும் டிரங்க் போர்ட்டாக (டேக் இட்ட போக்குவரத்தைச் சுமக்கும் போர்ட்டாக) மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பரவலாகக் கையாளப்படும் வழக்கம், தரவுக்கு டிஎஸ்சிபி 26-ஐயும் முன்னுரிமை 3-ஐயும், நெரிசல் அறிவிப்பான சிஎன்பி பாக்கெட்டுகளுக்கு டிஎஸ்சிபி 48-ஐயும் முன்னுரிமை 6-ஐயும் ஒதுக்குவது. இங்கேதான் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. கார்டின் டிரைவரும் பல மென்பொருள்களும் டிஎஸ்சிபியைக் கேட்பதில்லை; டிஎஸ்சிபியும் இசிஎன்னும் சேர்ந்த எட்டு பிட் மதிப்பையே கேட்கின்றன. டிஎஸ்சிபி 26 வேண்டுமென்றால் 26-ஐ 4-ஆல் பெருக்கி 104 என்று கொடுக்க வேண்டும். இசிஎன் பிட்டையும் சேர்த்தால் 106. அந்த இடத்தில் 26 என்றே எழுதிவிட்டால் பாக்கெட்டில் போய் உட்காருவது டிஎஸ்சிபி 6. எட்டு டிஎஸ்சிபி மதிப்புகளுக்கு ஒரு முன்னுரிமை என்ற வழக்கமான வரைபடத்தில் 24 முதல் 31 வரை முன்னுரிமை 3-க்குப் போகும். 6 என்பது முன்னுரிமை 0-க்குப் போய்விடும். ஒரு முறை நான் இரண்டு நாள் பஃபர் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் நினைவகம்) வரம்புகளைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் சர்வரின் கார்டு கவுண்டரைப் பார்த்தபோது, முன்னுரிமை 3-இல் பெற்ற பைட்டுகள் பூஜ்யமாகவும் முன்னுரிமை 0-இல் கோடிக்கணக்காகவும் இருந்தன. அதன் பிறகு, எந்தப் பிணையமானாலும் நான் முதலில் பார்ப்பது இந்த ஒரு வரியைத்தான். லினக்ஸ் இயந்திரம் ஒன்றிலிருந்து சேவை வகை 104 என்று குறித்து பிங் அனுப்பி, வழியிலுள்ள ஒவ்வொரு சுவிட்சிலும் மூன்றாம் வரிசையின் கவுண்டர் ஏறுகிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை இது. சுவிட்ச் போர்ட் டிஎஸ்சிபியை நம்பும் நிலையில் இருக்கிறதா, பிசிபியை நம்பும் நிலையில் இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

சுவிட்சுக்குள் ஒரு பாக்கெட் இரண்டு கணக்குப் புத்தகங்களில் எழுதப்படுகிறது. வந்த போர்ட்டின் முன்னுரிமைக் குழுவிலும், போகும் போர்ட்டின் வரிசையிலும் அதே பைட்டுகள் கணக்கில் வருகின்றன. பிஎஃப்சி ஃபிரேமைத் தூண்டுவது நுழைவுக் கணக்கு. இசிஎன் குறியிடுவது வெளியேறும் கணக்கு. இந்த ஒன்று விளங்கிவிட்டால் மற்ற அமைப்புகள் பாதி தாமாகவே விளங்கும். இழப்பற்ற வகுப்பின் வெளியேறும் வரிசையில் இயல்பாக இருக்கும் வரம்பை அப்படியே விட்டுவைத்தால், நுழைவுக் கணக்கு தன் எல்லையைத் தொட்டு மேலிருந்து வருவதை நிறுத்துமுன்பே வெளியேறும் வரிசை நிரம்பி, பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும். எனவே இழப்பற்ற வகுப்பில் வெளியேறும் வரம்பை மிக உயரத்தில், ஏறத்தாழ வரம்பே இல்லாத அளவில் வைத்து, தடுக்கும் பொறுப்பு முழுவதையும் நுழைவுப் பக்கத்திடம் விட வேண்டும். பிஎஃப்சி இயக்கியும் பாக்கெட் விழுகிறது என்ற புகாருக்கு, குறியீட்டுப் பிழைக்கு அடுத்தபடியாக நான் காணும் காரணம் இதுவே.

அதற்கடுத்தது ஹெட்ரூம். நிறுத்து என்று சொன்ன கணத்தில் எதிர்முனை நின்றுவிடாது. சொல் போய்ச் சேரும் வரை அனுப்பப்பட்டதும், ஏற்கெனவே கேபிளில் வந்துகொண்டிருப்பதும் எங்காவது இறங்க வேண்டும். அந்த இடமே ஹெட்ரூம். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 100 கிகாபிட் என்பது ஒரு மைக்ரோ செகண்டுக்கு 12,500 பைட். கேபிள் 100 மீட்டர் என்றால், மீட்டருக்கு 5 நானோ செகண்ட் வீதம் போய்வர 1 மைக்ரோ செகண்ட். அது 12,500 பைட். நமது பிஎஃப்சி ஃபிரேம் வெளியேறும் நேரத்தில் அதே போர்ட்டில் 9216 பைட் பாக்கெட் ஒன்று போய்க்கொண்டிருந்தால், அது முடியும் வரை காத்திருக்க வேண்டும். எதிர்முனையும் தான் தொடங்கிய 9216 பைட் பாக்கெட்டை நடுவில் வெட்ட முடியாது. இவை இரண்டும் சேர்ந்து 18,432. எதிர்முனை ஃபிரேமைப் படித்து வரிசையை நிறுத்த 1 மைக்ரோ செகண்ட் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால் இன்னொரு 12,500. மொத்தம் 43,500 பைட்டுக்குச் சற்றுக் குறைவு.

இதோடு முடியவில்லை. சுவிட்ச் நினைவகம் பைட் பைட்டாக ஒதுக்கப்படுவதில்லை, செல் செல்லாக ஒதுக்கப்படுகிறது. செல் 256 பைட் என்றால், 64 பைட் பாக்கெட்டும் ஒரு முழு செல்லைப் பிடித்துக்கொள்ளும். கம்பியில் அது முன்னொட்டும் இடைவெளியும் சேர்ந்து 84 பைட்டுக்கான நேரத்தையே எடுக்கிறது. ஆக, சின்னப் பாக்கெட்டுகள் தொடர்ந்து வந்தால் மூன்று மடங்கு இடம் தேவைப்படும். இழப்பற்ற வகுப்பில் அப்படி இடைவிடாமல் சின்னப் பாக்கெட்டுகள் வருவது அரிது என்பதால், நான் பொதுவாக ஒன்றரை மடங்கில் தொடங்கி, அளந்து பார்த்துத் திருத்துவேன். சுவிட்ச் தயாரிப்பாளர் கேபிள் நீளத்துக்கும் வேகத்துக்கும் ஏற்ற அட்டவணை கொடுத்திருந்தால் அதை எடுத்துக்கொள்வதே முறை. ஆனால் அட்டவணையில் கேபிள் நீளம் 5 மீட்டர் என்றிருக்க, உங்கள் மேலடுக்கு இணைப்பு 300 மீட்டராக இருக்கக்கூடும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் போர்ட்டுக்கும் ஒரே அளவைப் போட வேண்டாம். நீளம் 10 கிலோமீட்டரானால், போய்வர மட்டுமே 100 மைக்ரோ செகண்ட், அதாவது ஒரு போர்ட்டின் ஒரு வகுப்புக்கு 12.5 லட்சம் பைட் வேண்டும். இரு கட்டடங்களுக்கு இடையே பிஎஃப்சி போடுவதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு இந்த ஒரு எண்ணே போதும்.

எட்டு வகுப்புகளையும் இழப்பற்றதாக்கினால் என்ன என்ற கேள்விக்கும் இதே கணக்கில் விடை இருக்கிறது. 12 மெகாபைட் பகிர்வு பஃபரும் 40 கிகாபிட் போர்ட்டுகள் 32-உம் உள்ள சுவிட்சில், ஒரு போர்ட்டின் ஒரு வகுப்புக்கு 22.4 கிலோபைட் ஹெட்ரூம் என்று எடுத்துக்கொண்டால், 256 இடங்களுக்கு ஏறத்தாழ 5.7 மெகாபைட் ஆகிறது. பஃபரில் பாதிக்கு அருகில், பெரும்பாலான நேரம் காலியாகவே கிடக்கும். ஆகவே இழப்பற்ற வகுப்பு ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. மற்றவை டிசிபி போக்குவரத்துக்கு, பாக்கெட் விழுந்தாலும் பரவாயில்லை என்ற வகுப்பிலேயே இருக்கட்டும்.

ஹெட்ரூமுக்கு முன்னால் இருப்பது எக்ஸ்ஆஃப் வரம்பு, அதாவது நிறுத்த ஃபிரேமைத் தூண்டும் நுழைவுக் கணக்கின் அளவு. இக்காலச் சுவிட்சுகளில் இது நிலையான எண் அல்ல. பகிர்வுக் குளத்தில் அந்த நேரத்தில் எவ்வளவு காலி இருக்கிறதோ, அதன் ஒரு பங்கு. அந்தப் பங்கைத்தான் ஆல்ஃபா என்கிறோம். ஆல்ஃபா எட்டில் ஒன்று எனில், ஒரே ஒரு குழு நெரிசலில் இருக்கும்போது அது குளத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வரை பிடிக்கும். எட்டுக் குழுக்கள் ஒரே சமயம் நெரிந்தால் ஒவ்வொன்றுக்கும் பதினாறில் ஒரு பங்கு கிடைக்கும். ஆல்ஃபா சிறுத்தால் நிறுத்தம் சீக்கிரம் வரும், பாஸ் ஃபிரேம்கள் பெருகும். பெருத்தால் ஒரு போர்ட் மற்றவற்றின் இடத்தை விழுங்கும். மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் 2016-இல் சிக்காம் என்ற கணினிப் பிணைய ஆய்வு மாநாட்டுக் கட்டுரையில் தங்கள் ஆர்டிஎம்ஏ (நேரடி நினைவக அணுகல்) பிணைய அனுபவத்தை விவரித்தபோது, புதிய வகைச் சுவிட்சில் இந்த ஆல்ஃபாவின் இயல்பு மதிப்பு 1/16-இலிருந்து 1/64-ஆக மாறியிருந்ததால் பாஸ் ஃபிரேம்கள் பெருகிய நிகழ்வையும் குறிப்பிட்டிருந்தார்கள். உங்கள் சுவிட்சுகள் ஒரே மாடல் என்று சொன்னீர்கள். மென்பொருள் பதிப்பும் ஒன்றா என்று பார்த்துவிடுங்கள். மீண்டும் திறக்கும் எக்ஸ்ஆன் வரம்பைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. திறந்த பிறகு புதிய தரவு வந்து சேரும் வரை வரிசை வற்றிவிடாத அளவுக்கு எக்ஸ்ஆஃபுக்குக் கீழே வைத்தால் போதும்.

இப்போது இசிஎன். பிஎஃப்சி அவசர பிரேக். நாள்முழுதும் மிதிக்க வேண்டிய பிரேக் இசிஎன். வெளியேறும் வரிசை கேமின் என்ற அளவைத் தாண்டியதும் பாக்கெட்டுகளில் சிலவற்றுக்குக் குறியிட்டு, கேமேக்ஸ் அளவைத் தாண்டினால் எல்லாவற்றுக்கும் குறியிட்டு அனுப்ப வேண்டும். பெறும் கார்டு சிஎன்பி அனுப்பும். அனுப்பும் கார்டு வேகத்தைக் குறைக்கும். இந்த வேகக் குறைப்பு முறையான டிசிகியூசிஎன்னைப் பற்றி 2015-இல் வெளியான ஆய்வு, 40 கிகாபிட்டுக்கு கேமின் 5 கிலோபைட், கேமேக்ஸ் 200 கிலோபைட், உச்ச நிகழ்தகவு 1 சதவீதம் என்று எடுத்துக்கொண்டது. வேகம் கூடும்போது இவற்றை உயர்த்த வேண்டும். ஆனால் எக்ஸ்ஆஃபுக்குப் பின்னால் இசிஎன் வரும்படி உயர்த்திவிடக் கூடாது. பத்து நுழைவுப் போர்ட்டுகளிலிருந்து ஒரே வெளியேறும் போர்ட்டுக்குப் பாய்ந்தால், வெளியே ஒரு மெகாபைட் நிற்கும்போது ஒவ்வொரு நுழைவுக் கணக்கிலும் நூறு கிலோபைட்தான் இருக்கும். இசிஎன் தானாகவே முந்திவிடும். ஒரே நுழைவிலிருந்து ஒரே வெளியேற்றத்துக்குப் போகும்போது இரு கணக்கும் சமம். அங்கே கேமின் தாழ்ந்திருந்தால் மட்டுமே இசிஎன் முந்தும். ஒரே நுழைவிலிருந்து பல வெளியேற்றங்களுக்குப் பிரியும்போது, எந்த வரிசையும் கேமினைத் தொடாமலேயே நுழைவுக் கணக்கு நிரம்பி பிஎஃப்சி புறப்படலாம். மேலடுக்கிலிருந்து இறங்கும் இணைப்புகளில் இந்த நிலையைத் தேடுங்கள். சிஎன்பி பாக்கெட்டுகள் தரவுக்குப் பின்னால் வரிசையில் நின்றால் அறிவிப்பு தாமதமாகும். ஆகவே முன்னுரிமை 6-க்குக் கண்டிப்பான முதலிடம் கொடுங்கள். மற்ற வரிசைகளுக்கு ஈடிஎஸ் (வகுப்புகளுக்கு அலைவரிசையைப் பங்கிடும் முறை) மூலம் பங்கு பிரித்தால் போதும்.

தொடர்பில்லாத சர்வர்கள் மந்தமாவதைப் பற்றி. பிஎஃப்சி ஒரு வகுப்பை நிறுத்துகிறதே தவிர, குற்றம் செய்த ஓட்டத்தை மட்டும் நிறுத்துவதில்லை. மேலேயுள்ள சுவிட்ச் நின்றதும் அதன் பஃபரும் நிரம்பி, அது தனக்கு மேலுள்ளவர்களை நிறுத்தும். இதைத் தடம்பிடிக்கும் வழி எளிது. ஒரு போர்ட்டில் பாஸ் அனுப்பிய எண்ணிக்கை ஏறினால் நெரிசல் இந்தச் சுவிட்சிலோ இதற்குக் கீழேயோ இருக்கிறது. பாஸ் பெற்ற எண்ணிக்கை ஏறினால் அந்தக் கேபிளின் மறுமுனையில் இருக்கிறது. பெற்ற எண்ணிக்கையைப் பின்தொடர்ந்து போய்க்கொண்டே இருங்கள். அந்தத் தடம் ஒரு சுவிட்சில் முடிந்தால், பலர் ஒருவருக்கே அனுப்பும் இயல்பான நெரிசல். ஒரு சர்வரில் முடிந்தால் கதை வேறு: இணைப்பு வேகத்துக்குள்ளேயே வரும் தரவை அந்தக் கார்டால் விழுங்க முடியவில்லை என்று பொருள். கார்டைச் சர்வரோடு இணைக்கும் பிசிஐ தடங்கள் குறைவாக இணைந்திருக்கலாம். அல்லது நினைவக முகவரி அட்டவணை கார்டின் கேஷில் அடங்காமல் இருக்கலாம். மேற்சொன்ன 2016 கட்டுரையில், பக்க அளவை 4 கிலோபைட்டிலிருந்து 2 மெகாபைட்டாக உயர்த்தியது இதற்கு ஒரு தீர்வாகச் சொல்லப்பட்டிருந்தது.

அதே கட்டுரையில் வரும் டெட்லாக் (சுவிட்சுகள் ஒன்றுக்கொன்று காத்து நிரந்தரமாக முடங்குவது) நிகழ்வை இழப்பற்ற பிணையம் அமைக்கும் எவரும் அறிந்திருக்க வேண்டும். எந்த வன்பொருள் முகவரி எந்தப் போர்ட்டில் என்று சொல்லும் மேக் அட்டவணையின் ஆயுள் அங்கே 5 நிமிடம், ஐபி முகவரிக்குரிய வன்பொருள் முகவரியைச் சொல்லும் ஏஆர்பி அட்டவணையின் ஆயுள் 4 மணி நேரம். ஒரு சர்வர் செத்துப்போனால் ஐந்து நிமிடத்தில் மேக் பதிவு மறையும். ஏஆர்பி பதிவு நிற்கும். அந்த முகவரிக்கு வரும் பாக்கெட்டைச் சுவிட்ச் எல்லாப் போர்ட்டுகளுக்கும் பரப்பும். மேலே போய்க் கீழே வர வேண்டிய ஒழுங்கு குலைந்து, நான்கு சுவிட்சுகள் ஒன்றையொன்று நிறுத்திக்கொண்டு வட்டமாக நின்றுவிட்டன. சர்வர்களை மறுதொடக்கம் செய்தாலும் அந்த முடிச்சு அவிழாது. அவர்கள் தேர்ந்த தீர்வு: மேக் பதிவு இல்லாத முகவரிக்குரிய இழப்பற்ற பாக்கெட்டைப் பரப்பாமல் கீழே போடுவது. உங்கள் சுவிட்சில் அந்த அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேக் ஆயுளை ஏஆர்பி ஆயுளைவிட நீளமாக்குங்கள். கூடவே பிஎஃப்சி வாட்ச்டாகையும் இயக்குங்கள். ஒரு வரிசை 200 மில்லி செகண்ட் போன்ற காலம் இடைவிடாமல் நின்றால், அதில் உள்ளதைக் கீழே போட்டுப் பிணையத்தைக் காப்பாற்றும் ஏற்பாடு அது. பழுதான கார்டு ஒன்று ஓயாமல் பாஸ் அனுப்பினால் அதிலிருந்தும் இதுவே காக்கும்.

அமைக்கும்போது இந்த வரிசையில் போங்கள். சர்வர்களை ஓய்வாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள். போக்குவரத்து ஓடும்போது பஃபர் அமைப்பை மாற்றினால் பாக்கெட் விழலாம். போர்ட்டில் 802.3எக்ஸ் பாஸை அணைத்துவிடுங்கள். அதுவும் பிஎஃப்சியும் ஒரே இணைப்பில் சேரக் கூடாது. பிறகு டிஎஸ்சிபி நம்பிக்கை, வகுப்பு வரைபடம், பஃபர், பிஎஃப்சி என்று போய், இசிஎன்னைக் கடைசியில் தொடுங்கள். டிசிபிஎக்ஸ் (இந்த அமைப்புகளைச் சுவிட்சும் கார்டும் தாமே பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை) வைத்திருந்தால் சுவிட்ச் சொல்லட்டும், கார்டு கேட்கட்டும். கார்டின் ஃபர்ம்வேரிலும் இயக்க முறைமையிலும் டிசிபிஎக்ஸைச் சுமக்கும் எல்எல்டிபி நெறிமுறையின் இரண்டு முகவர்கள் ஒரே சமயம் பேசாதபடி ஒன்றை அணைத்துவிடுங்கள். எனக்குப் பிடித்தது, இரு முனைகளிலும் கையால் நிலையாக அமைத்துவிட்டு டிசிபிஎக்ஸையே விட்டுவிடுவது.

சோதனையை இரண்டு முறை செய்யுங்கள். முதல் முறை இசிஎன்னை அணைத்துவிட்டு, எட்டு சர்வர்களிலிருந்து ஒரே சர்வருக்கு முழு வேகத்தில் எழுதச் சொல்லுங்கள். பாஸ் ஃபிரேம்கள் குவிய வேண்டும், மூன்றாம் வகுப்பில் விழுந்த பாக்கெட் ஒன்றுகூட இருக்கக் கூடாது. விழுந்தால், ஹெட்ரூமின் உச்சப் பயன்பாட்டுக் கவுண்டரைப் பாருங்கள்: அது எல்லையைத் தொட்டிருந்தால் ஹெட்ரூம் போதவில்லை, தொடாமலேயே விழுந்திருந்தால் வெளியேறும் வரம்புதான் குற்றவாளி. இரண்டாம் முறை இசிஎன்னை இயக்கிவிட்டு அதே சுமையை ஓட்டுங்கள். இப்போது குறியிட்ட பாக்கெட்டுகளும் சிஎன்பியும் ஏற வேண்டும். பாஸ் ஃபிரேம்கள் தொடக்கத்தில் சில வந்து, பிறகு ஏறக்குறைய நின்றுவிட வேண்டும். அப்படி நிற்காத போர்ட்டில் மட்டும் கேமினைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் மொத்த வேகம் சரியாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.